அம்பது நிமிசம் எப்சிபா மேடம்

உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க. கடைசி பெஞ்சுல அந்த வாய்க்கா பேச்சு போதும், மடைய அடைங்க. இடிச்சுக்கிட்டு இருக்கவுங்க தள்ளி உக்காருங்க, பிரபஞ்சத்துல எடம் நெறையக் கெடக்கு. இப்ப நான் ஒங்கள்ட்ட சொன்னேம்லா, இதேதான் தளவாய் கையில இருந்த மொதச் சீட்டுலயும் எழுதியிருந்துச்சு, எழுத்துக்கு எழுத்து. ஆனா அவன் இன்னும் வாசிக்கல. எம்மெஸ்ஸி பிசிக்ஸ் மொத வருசம், முப்பத்தி நாலு பிள்ளையளுக்கு முன்னால, போர்டுக்கு எடது பக்கம், வாய அர அங்குலம் தொறந்துக்கிட்டு நிக்கான். தளவாய் வாத்தியார் இல்ல, கேட்டுக்கிடுங்க. பாளையங்கோட்டையில அந்தக் காலேஜில லேப் அட்டெண்டர். இருவத்தி ரெண்டு வருச சர்வீசு. ஒம்பதாங் கிளாஸ அவன் ரெண்டு தடவ படிச்சும் அது அவன் தலையில ஏறல. போர்டுக்கு வலது பக்கம் சாக்பீஸோட நிக்கது எப்சிபா மேடம், குவாண்டம் மெக்கானிக்ஸ் எடுக்கவிய. அவிய தொண்டையில கடுகத்தண்டிக்கு ஒரு முடிச்சு இருந்து, அத வெட்டி எடுத்து ஒம்பது நாளாச்சு. பதினஞ்சு நாளைக்கு வாயே தொறக்கப்படாது, குசுகுசுன்னு கூடப் பேசப்படாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. ஆனா அடுத்த வாரம் இண்டர்னல் டெஸ்ட்டு, போர்சன் முடியல, மேடத்துக்கு வீட்டுல இருப்புக் கொள்ளல. காலையில வந்த ஒடனே தளவாயக் கூப்புட்டு, ஒரு கட்டுச் சீட்டக் கையில குடுத்து, மேல ஒரு தாள்ல எழுதிக் காட்டுனாவ: ‘நான் போர்டுல எழுதுவேன். நீங்க வாசிக்கணும். என் பாடம் ஒங்களுக்குத்தான் காதுல இருக்கு.’ அந்தக் கடைசி வரியிலதான் தளவாய்க்கு வேத்துச்சு. காதுல இருக்குன்னா என்ன அர்த்தம். காதுல மட்டுமா. வருசா வருசம் பிள்ளையளுக்குப் பிரிவு விழா நடக்கும்லா, அதுல எப்சிபா மேடம் மாதிரியே பேசிக் காட்டி மண்டபத்த உருள வைக்கது இந்தத் தளவாய்தான். மேடம் இல்லாத நேரம் பாத்து. இது அவியளுக்குத் தெரியுமா, தெரியாதா. இன்னைக்கி அம்பது நிமிசம் அவனுக்கு இருந்த பயம் இது ஒண்ணுதான்: அவிய மொகத்துக்கு நேரா அவிய சொன்னத எந்தக் குரல்ல சொல்லது.

ஏன்னா தொண்டைக்குள்ள ரெண்டு குரலும் நிக்கி. தளவாய் குரல், கொஞ்சம் கரகரப்பா, பீடி விட்டு நாலு வருசம் ஆகியும் பீடி விடாத குரல். மேடம் குரல், மூக்குல ஏறி, ஒவ்வொரு வார்த்தையோட வாலையும் நுனி நாக்கால இழுத்து, கடைசியில ‘என்னா?’ன்னு ஒரு சொடுக்கு. ரெண்டும் கெடக்கு, ரெண்டும் தள்ளுது. மேடம் சொல்லுவாவ, அளந்து பாக்குத வரைக்கும் எலக்ட்ரான் இங்கன்னும் சொல்லப்படாது, அங்கன்னும் சொல்லப்படாது, ரெண்டும் கலந்த ஒரு நெலம, அளந்த ஒடனே ஒண்ணு மிஞ்சும், மத்தது போன எடம் தெரியாதுன்னு. வெளி வராந்தாவுல ஸ்டூல்ல உக்காந்து வருசா வருசம் இதக் கேக்கும்போதெல்லாம் தளவாய் நெனச்சுக்கிடுவான், இது நடக்குத காரியமா, ஒரு மனுசன் ஒரே நேரத்துல வண்ணாரப்பேட்டையிலயும் ஜங்சன்லயும் நிக்க முடியுமா, நின்னா வீட்டுக்காரி விடுவாளா. இப்பப் பாரு, இந்தா தொண்டையிலயே நிக்கி. வாயத் தொறந்தா ஒண்ணு. தொறக்காத வரைக்கும் ரெண்டு. தொறக்காமலே நின்னுட்டா என்ன. முன் பெஞ்சுல ஸ்டெல்லா பென்னாவத் தட்டுதா. மேடம் சாக்பீஸால மேசையில டொக்குன்னு ஒரு தட்டு. தளவாய் வாயத் தொறந்தான். தளவாய் குரல்தான் வந்துச்சு. ‘உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க. கடைசி பெஞ்சுல அந்த வாய்க்கா பேச்சு.’ ரேசன் கடையில கார்டு நம்பரு கூப்புடுத மாதிரி இருந்துச்சு. பாமாயில் வந்திருக்கு, பச்ச கார்டு மட்டும் வரிசையில வாங்க. அப்பாடான்னு இருந்துச்சு அவனுக்கு. அதே நேரம் என்னமோ களவாண்டுட்ட மாதிரியும் இருந்துச்சு, யார்ட்ட இருந்து எதன்னு தெரியல.

மேடம் திரும்பிப் போர்டுல எழுத ஆரம்பிச்சாவ. மொதல்ல அந்தப் பெரிய கொக்கி, நல்ல பாம்பு படம் எடுத்து நிக்க மாதிரி, அதுக்குக் கீழ படுத்த எட்டுக்கு மைனஸு, மேல படுத்த எட்டுக்கு பிளஸு. அப்புறம் சூலம். சூலத்துக்குத் தலையில ஒரு நச்சத்திரம், பக்கத்துல நச்சத்திரம் இல்லாத இன்னொரு சூலம், கடைசியா சமம் ஒண்ணு. தளவாய்க்கு இந்தக் கணக்கெழுத்து வாசிக்கத் தெரியாட்டாலும் படம் தெரியும். இருவத்தி ரெண்டு வருசமா இந்தப் படத்த டஸ்டரால அழிச்சவன் அவன்தான, ஒரு ஊரு சனம் எழுதுனத விட அதிகமா அழிச்சிருக்கான். ரெண்டாஞ் சீட்ட எடுத்தான். ‘சை ஸ்டார் சை. மைனஸ் இன்பினிட்டியில இருந்து பிளஸ் இன்பினிட்டி வரைக்கும் கூட்டினா ஒண்ணு வரணும். இதுக்குப் பேரு நார்மலைசேசன்.’ எல்லாம் தமிழ் எழுத்துல. நார்மலைசேசன், ஆப்பரேட்டர், கமுட்டேட்டர், அம்புட்டு இங்கிலீசையும் அவிய குண்டு குண்டாத் தமிழ்ல எழுதியிருக்காவ, அவன் தடுக்கி விழுந்துரப்படாதுன்னு, எங்க மூச்சு விடணுமோ அங்க ஒரு கோடு கூடப் போட்டிருக்காவ. ஆசுவத்திரி விட்டு வந்ததுல இருந்து வீட்டுல வாயக் கட்டிக்கிட்டு உக்காந்து, பழைய ரெக்கார்டு நோட்டு அட்டைய வெட்டி வெட்டி இதச் செஞ்சிருக்காவ. யாருக்கு. நார்மலைசேசனுக்கு நாலு எழுத்து கொறச்சலா வாசிக்குத ஒரு பயலுக்கு. அந்தப் பய வருசா வருசம் என்ன செஞ்சான். சரி, அத விடு. இந்த எடத்துல மேடம் வண்டிச் சாவிய இழுப்பாவ. சீட்டுல அது இல்ல, ஆனா வருசா வருசம் இழுப்பாவ. ‘என் ஸ்கூட்டர் சாவி மேசையில இருக்க வாய்ப்பு அர, பையில இருக்க வாய்ப்பு கால், தளவாய் பாக்கெட்டுல இருக்க வாய்ப்பு கால், என்னா? கூட்டினா ஒண்ணு. ஒண்ணுக்குக் கொறஞ்சா சாவியே ஒலகத்துல இல்ல. ஒண்ணுக்குக் கூடினா தளவாய் டூப்ளிகேட் போட்டுட்டாரு.’ பிள்ளைய சிரிக்கும், வெளிய ஸ்டூல்ல இருக்க தளவாயும் சிரிப்பான், சட்டப் பாக்கெட்டத் தொட்டுப் பாத்துக்கிட்டே. இந்தச் சாவிக் கத அவன் நாக்கு நுனியில வந்து நின்னுச்சு. நின்னுச்சு, முழுங்கிட்டான். தளவாய் குரல்ல சாவிக் கதயச் சொன்னா அது காணாமப் போன சாவி அறிவிப்பு ஆயிரும். பிள்ளைய குனிஞ்ச தல நிமிராம எழுதுது, எழவு வீட்டுல மொய் எழுதுத மாதிரி. சிரிப்பில்லாம இந்தப் பாம்பும் சூலமும் பாக்கவே பயமா இருக்கு. இத வச்சா இத்தன வருசம் அவிய பிள்ளையளச் சிரிக்க வச்சாவ.

எப்படி ஆரம்பிச்சுது இது. மூணாவது வருசமோ நாலாவது வருசமோ, பிரிவு விழாவுல மைக்கு செட்டுக்காரன் வரத் தாமசம், நேரத்தப் போக்க யாராவது எதாவது செய்யுங்கன்னாவ, தளவாய் நாக்காலியில ஏறி நின்னு ‘எலெக்ட்ரான் ஒங்கள மாதிரி இல்ல, அதுக்கு ரூல்ஸ் உண்டு, என்னா?’ன்னு ஒரே ஒரு வரி. மண்டபம் கூர பிஞ்சுச்சு. அந்தச் சத்தம் இருக்கே, மனுசன் அதுக்கு ஒரு தடவ ருசி கண்டுட்டா பீடி எல்லாம் ஒண்ணுமே இல்ல. அடுத்த வருசம் அஞ்சு நிமிசம். அதுக்கடுத்த வருசம் கண்ணாடிய நெத்திக்கு ஏத்தி விட்டுக்கிட்டு, கண்ணாடியத் தேடி, ‘யாராவது என் கண்ணாடியோட வேவ் பங்சனக் கண்டீங்களா’ன்னு கால் மணி நேரம். மேடம் டீயக் குடிச்சிட்டு, பேப்பர் திருத்தணும்னு எந்திரிச்சி மண்டபத்துக்கு அடுத்தாப்புல இருக்க அவிய ரூமுக்குப் போயிருவாவ, தளவாய் அந்த ரூம் கதவு சாத்தியிருக்கான்னு ஆள விட்டுப் பாத்துட்டுத்தான் ஏறுவான். கேலியா அது. கேலின்னா மனசுல ஒரு முள்ளு இருக்கணும்லா. அவன் மனசுல தடவித் தடவிப் பாத்தா முள்ளு இல்ல, வேற என்னமோ இருக்கு, பேரு தெரியல. சந்தையில சாளை மீனு வெல கேக்கும்போது கூட மனசுக்குள்ள மேடம் குரல்தான் கேக்கும், ‘கிலோ எம்பதா நூறான்னு பாக்காம சொல்லப்படாது, என்னா?’ன்னு. போன ஞாயித்துக்கிழம குளிக்கும்போது ஒரு பயம் வந்து, குரல் இன்னும் வருதா பாப்போம்னு தண்ணியில நின்னுக்கிட்டே ‘ஆப்பரேட்டர்ங்கது ஒரு வேல’ன்னு சொல்லிப் பாத்தான். வெளிய இருந்து அவன் வீட்டுக்காரி கோமு, ‘உள்ள யாரு, எப்சிபா மேடமா, துண்டு வேணுமா மேடம்’ன்னா. ‘சும்மா கெடட்டி’ன்னான். ‘மேடம் என்னப் போய் அடி புடிங்கீய’ன்னா. கோமுவ என்ன செய்ய. மூணாஞ் சீட்டு அதத்தான் சொல்லுது இப்ப, ஐகன் பங்சன், ஒரு ஆப்பரேட்டர் மேல விழுந்து என்னதான் பெரட்டுனாலும் சில பங்சன் அதுவாவே வெளிய வரும், ஒரு நம்பரு மட்டும் பெருக்கிக்கிட்டு வரும். கோமுதான் அது. மாமியா பெரட்டுனா, நாத்தனா பெரட்டுனா, ரெண்டு பிள்ளையப் பெத்தா, வெளிய வந்தது அதே கோமு, சத்தம் மட்டும் மூணு மடங்கு. தளவாய் அப்படி இல்ல. தளவாய யாரு தொட்டாலும் அவிய மாதிரியே ஆயிருவான், பஸ் கண்டக்டரு தொட்டா கண்டக்டரு, பாதிரியாரு தொட்டா பாதிரியாரு. சொந்தமா ஒரு உருவம் இருக்கான்னே சந்தேகம். அதச் சொல்லி இப்ப யாரு சிரிக்கப் போறா, வாசி, வாசி, ‘ஐகன் வால்யூ லாம்டா’.

நாலாஞ் சீட்டு டப்பா. டப்பாக்குள்ள அடச்ச எலக்ட்ரான். மேடம் போர்டுல ரெண்டு சொவரு எழுப்பி, நடுவுல ஒரு கூம்பு அல போடுதாவ, அப்புறம் ரெண்டு கூம்பு, அப்புறம் மூணு, சொவத்துல முட்டுத எடத்துல எல்லா அலையும் சைபர் ஆகணும், அதுனால முழுசு முழுசாத்தான் அடங்கும், முக்கா கூம்பு ஒண்ணேகால் கூம்புன்னு பேரமே கெடயாது. கடைசியில ஒரு வரி: அடியில இருக்க எனர்ஜி கூட சைபர் இல்ல. எம்புட்டு அடச்சு வச்சாலும் சும்மா கெடக்காது, டப்பா சின்னதாச் சின்னதாத் துடிப்பு கூடும். இதச் சீட்டுல வாசிக்கும்போது தளவாய்க்கு ஆசுவத்திரி ஞாபகம் வந்துச்சு. ஆப்பரேசனுக்கு மறுநாள் பிளாஸ்க்குல கஞ்சி கொண்டு போனான், கோமு குடுத்தனுப்புனா. மேடம் கட்டில்ல சாஞ்சி, கழுத்துல துண்டு சுத்தி, மடியில சின்னப் பிள்ளைய எழுதுத சிலேட்டு. வாயில்லாத மேடத்த அவன் பாத்ததே இல்ல. அவிய கண்ணு அங்கயும் இங்கயும் ஓடுது, வெரலு துண்டோட நுனிய முறுக்குது, உள்ள அடச்சு வச்ச பேச்செல்லாம் கையிலயும் கண்ணுலயும் துடிக்கி. டாக்டரு வந்து பாத்துட்டு, முடிச்சால ஒண்ணும் மோசம் இல்ல, பயப்படாதீங்கன்னாரு. மேடம் சிலேட்டுல எழுதிக் கேட்டாவ: ‘பழைய குரலே வருமா?’ டாக்டரு சொன்னாரு, ‘வரும். ஆனா அதே குரல்னு எழுதிக் குடுக்க முடியாது. கொஞ்சம் மாறலாம்.’ மேடம் தலய ஆட்டுனாவ, சரி சரின்னு. ஆட்டிட்டுச் சொவரப் பாத்துத் திரும்பிக்கிட்டாவ. தளவாய் பிளாஸ்க்கு மூடியத் திருகுனான், தொறந்தான், திருகுனான். வீட்டுக்கு வரும்போது, டவுன் பஸ்ல கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கும்போது, திடீர்னு அவனுக்கு ஒரு நெனப்பு, நெஞ்சுல மீன் முள்ளு மாதிரி: அந்தக் குரல் மாறிப் போச்சுன்னா, பழைய குரல் ஒலகத்துல எங்க இருக்கும். டேப்புல இல்ல, யாரும் புடிச்சு வைக்கல. அவன்ட்ட இருக்கு. அவன் ஒருத்தன்ட்டதான் இருக்கு, களவாண்ட பொருளா. களவாண்டதத் திருப்பிக் குடுக்கணும்னா களவாண்டேன்னு ஒத்துக்கிடணும்லா. ஒத்துக்கிட்டா, இத்தன வருசம் ‘தளவாய், ஒரு டம்ளர் சுடுதண்ணி’ன்னு கேட்ட மனுசி, அவன நம்பி லேப் சாவி குடுத்த மனுசி, கஞ்சி பிளாஸ்க்க வாங்கும்போது ரெண்டு கையால வாங்குன மனுசி, எப்படிப் பாப்பாவ அதுக்கப்புறம்.

‘அண்ணாச்சி’ன்னு ஒரு குரல். ஸ்டெல்லா எந்திரிச்சு நிக்கா. ‘ஒண்ணுமே மண்டையில ஏறல அண்ணாச்சி. மேடம் சொன்னா ஏறும்.’

‘மேடம் எழுதியிருக்கதத்தானம்மா வாசிக்கேன்.’

‘இல்ல. நீங்க மேடம் மாதிரி சொல்லுங்க.’ பக்கத்துல இருக்கவ அவ தாவணியப் புடிச்சு இழுக்கா, உக்காருட்டின்னு. ‘சீனியர் எல்லாம் சொல்லியிருக்காவ அண்ணாச்சி, நீங்க.’ அதுக்கு மேல அவளும் வாய மூடிக்கிட்டா. கடைசி பெஞ்சுல எவனோ இருமுதான், சிரிப்ப இருமலா மாத்தி. தளவாய்க்குக் காது மடல் கொதிக்கி. மேடம் திரும்பல. முதுகு. சேலத் தலப்பு. அவிய கை அடுத்த வரிய எழுதிக்கிட்டே இருக்கு. கேட்டுச்சா, கேக்கலயா. கேக்காம எப்படி இருக்கும், வெட்டுனது தொண்டைய, காத இல்ல. தளவாய் அஞ்சாஞ் சீட்ட எடுத்தான். கமுட்டேட்டர், ரெண்டு வேலய வரிச மாத்திச் செஞ்சா என்ன வித்தியாசம் வரும்னு கழிச்சுப் பாக்குத கணக்கு. இந்தப் பாடம் இருக்கே, இதுதான் அவனோட உசுரு, பிரிவு விழாவுல கடைசியா இதத்தான் செய்வான், இது முடிஞ்சாத்தான் கைதட்டு. ‘கணக்குல மூணஞ்சும் பதினஞ்சு, அஞ்சு மூணும் பதினஞ்சு’ன்னு வாசிக்க ஆரம்பிச்சான், ரேசன் கடைக் குரல்தான், சத்தியமா ரேசன் கடைக் குரல்தான், ‘ஆனா ஆப்பரேட்டருக்கு வரிச உண்டு, குளிச்சிட்டுத் துணி மாத்துததும்’ன்னு வரும்போது நாக்கு கொஞ்சம் மூக்குல ஏறிச்சு, ‘துணி மாத்திட்டுக் குளிக்கதும்’, வார்த்தையோட வாலு நீளுது, அவன் இழுக்கல, அதுவா நீளுது, ‘ஒண்ணாயிருமா, என்னா?’

வகுப்பு நிமிந்துச்சு. முப்பத்தி நாலு தல, ஒரே நேரத்துல, வயல்ல கொக்கு நிமிருத மாதிரி. எவனும் சிரிக்கல. அதுதான் அவன எடுத்துக்கிட்டுப் போயிருச்சு, சிரிச்சிருந்தா நின்னிருப்பான். மேடம் இருக்காவ, மேடம் பேசல, மேடம் குரல் கேக்கு. அதக் கேட்டு எத்தன நாளாச்சு அந்தப் பிள்ளையளுக்கு. அவனுக்குமே எத்தன நாளாச்சு. சீட்டக் கீழ எறக்கிட்டான். அது எதுக்கு இனிமே. ‘பொசிசன் ஒரு ஆப்பரேட்டர், அது எக்ஸால பெருக்கும், ரொம்பச் சாது. மொமண்டம் அப்படி இல்ல, அது டிபரன்சியேட் பண்ணும், கண்டதக் கடிக்கும், மைனஸ் ஐ எச்-கிராஸ்னு ஒரு பல்லு வேற. தனியா சை மட்டும் வந்தா ஒரு கடி. எக்ஸும் சையும் சோடியா வந்தா? கல்யாண வீட்டு வாசல்ல சந்தனம் குடுக்குத மாதிரி, என்னா? புருசனுக்கு வைக்கும்போது பொஞ்சாதி காத்து நிக்கணும், பொஞ்சாதிக்கு வைக்கும்போது புருசன் காத்து நிக்கணும், ரெண்டையும் கூட்டணும். ஒருத்தருக்கு வச்சிட்டு உள்ள விட்டா சண்ட.’ அந்தா சிரிப்பு வந்துட்டு, நல்ல சிரிப்பு, புரிஞ்ச சிரிப்பு, ஸ்டெல்லா தலய ஆட்டி ஆட்டி எழுதுதா. தளவாய் கை தானா நெத்திக்குப் போயி, இல்லாத கண்ணாடிய ஏத்தி விடுது. போர்டுல சாக்பீஸு அவனோடயே ஓடுது, டக் டக் டக்குன்னு, அவன் சொல்லச் சொல்ல அவிய எழுதுதாவளா, அவிய எழுத எழுத இவன் சொல்லுதானா, பிரிச்சுப் பாக்க முடியல. அப்பத்தான் தோணுச்சு, இந்தக் கையும் இந்தக் குரலும் ஒரே ஆளுன்னு, ஒரே ஆளு போர்டுக்கு ரெண்டு பக்கத்துலயும் நிக்கான்னு. அதுதான் தப்பு. தான் இன்னொரு ஆளுங்கதயே மறந்துட்டான். அவிய கைய முந்திக்கிட்டு வாயி ஓடிருச்சு. ‘ரெண்டு பக்கமும் எக்ஸ் சை-டேஷ் அடிபட்டுப் போயிரும், போகட்டும், அதுக்கு நம்ம அழுகப் போறதில்ல, மிஞ்சுதது என்ன? ஐ எச்-கிராஸ். பிளஸ் ஐ எச்-கிராஸ். சைபர் இல்ல. சைபர் இல்லங்கதுனாலதான் எடத்தையும் வேகத்தையும் ஒரே நேரத்துல கறாரா அளக்க முடியல, ஒண்ண இறுக்கிப் புடிச்சா இன்னொண்ணு வழுக்கும், என்னா?’

டக்குன்னு சாக்பீஸு நின்னுச்சு. போர்டுல கடைசி வரி: மைனஸ் ஐ எச்-கிராஸ். மைனஸு. நல்லா நீளமா, மூச்ச இழுத்துப் போட்ட மாதிரி ஒரு கோடு. தளவாய் அந்தக் கோட்டப் பாக்கான். வருசா வருசம் மேடம் எக்ஸ மொதல்ல எழுதி, மொமண்டத்த அடுத்து எழுதுவாவ, விட பிளஸ்ல வரும். இந்த வருசம் மாத்தி எழுதியிருக்காவ, மொமண்டம் மொதல்ல, எக்ஸ் அடுத்து. சீட்டுல தெளிவா அப்படித்தான் இருந்திருக்கு, மேல கோடு கூடப் போட்டிருக்கு. கையிலயே இருந்துச்சு. பாக்கல. வரிச மாறினா விட மாறும்னு அஞ்சு நிமிசமா நாக்க வளச்சு வளச்சுச் சொன்னவன், வரிச மாறுனதப் பாக்கல. குளிச்சிட்டுத் துணி மாத்துத பாடத்துல துணியோட குளிச்சுட்டு நிக்கான். மேடம் குரல் பிளஸ்ங்கி. மேடம் கை மைனஸ்ங்கி. வகுப்பு முழிக்கி.

ஷேக்குன்னு நடு பெஞ்சுல ஒரு பையன், நோட்டுல ரெண்டையும் எழுதி வச்சுக்கிட்டு, மெதுவாக் கேட்டான்: ‘மேடம், இப்ப நாங்க மேடம் சொன்னத எழுதவா, மேடம் எழுதுனத எழுதவா?’

தளவாய்க்கு மூக்குல இருந்த குரல் எறங்கி, நெஞ்சுக்கு வந்து, அதுக்குங்கீழ போயி, மிச்சம் வந்தது அவனோட கரகரப்பு. மத்தவுங்க சொல்லித் தெரியதுக்கு முன்ன நம்மளே சொல்லிரணும். ‘எழுதுனதுதான் சரி பிள்ளைகளா. நான் சொன்னது தப்பு.’ மேடத்தப் பாக்க முடியல, டஸ்டரப் பாத்துச் சொன்னான். ‘சீட்டப் பாக்கல மேடம். பழைய பழக்கத்துல வாயி ஓடிருச்சு. அது மட்டும் இல்ல மேடம். இந்தக் குரல் இன்னைக்கி வந்தது இல்ல. பதினெட்டு வருசமா பிரிவு விழாவுல இத வச்சு நான் ஆட்டம் காட்டுதேன். ஒங்க முதுகுக்குப் பின்னால. மனசுல ஒண்ணும் வச்சுச் செய்யல மேடம். ஆனா செஞ்சேன். நீங்க வேற ஆள வச்சு வாசிக்கச் சொன்னாலும் சரிதான்.’ சொல்லிட்டுச் சீட்டுக்கட்ட மேசையில வைக்கப் போனான். ரெண்டு சீட்டு நழுவிக் கீழ விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்தான். குனிஞ்சவன் நிமிர மனசு இல்லாம செத்த நேரம் அங்கயே இருந்தான். தரையில சாக்பீஸு தூளு, வெள்ள வெளேர்னு, காலையில அவன் கூட்டுன தரைதான்.

மேல டக் டக்குன்னு எழுதுத சத்தம். கணக்கு எழுதுத சத்தம் இல்ல அது, தமிழ் எழுதுத சத்தம் வேற, வளவு வளவா இருக்கும். பிள்ளையள்ட்ட இருந்து ஒரு சிரிப்பு கெளம்பி, மூக்கோட அடங்குது. நிமிந்தான். போர்டுல மைனஸுக்குக் கீழ, குண்டு குண்டா, மூச்சு விடுத எடத்துல கோடு போட்டு, ரெண்டு வரி. அவன் மனசுக்குள்ள வாசிச்சான். வாசிச்சிட்டு மேடத்தப் பாத்தான். மேடம் சாக்பீஸால அந்த வரியத் தட்டி, அவனப் பாத்துத் தலய ஒரு ஆட்டு ஆட்டுனாவ, சத்தமா வாசிங்க, பீரியட் இன்னும் முடியலன்னு. தளவாய் தொண்டையச் செருமுனான். எந்தக் குரல்லன்னு அவன் கேக்கல, அவிய கண்ணாடிய நெத்திக்கு ஏத்தி விட்டுக்கிட்டு நின்ன நிப்புலயே பதில் இருந்துச்சு. மூக்குக்கு ஏத்தி, வால இழுத்து, வாசிச்சான்:

‘நான் கதவத்தான் சாத்துவேன் தளவாய், சன்னலச் சாத்துனதே இல்ல. இந்த வருசம் மைனஸோட செய்யுங்க, என்னா?’